வீட்டில் எத்தனை சைக்கிள்?

கூலாய் பட்டணத்துச் சைக்கிள் கடைக்குள் பிரேமலா வியர்த்து விறுவிறுத்து நுழைந்தபோது, அவள் புருஷன் ஹேமநாதன் கடைக்காரர் நவ்சாத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நம்ம வீட்டுல மூணு சைக்கிள், பாய்."

மூன்று சைக்கிளாம்! கேட்டீர்களா அநியாயத்தை? நாலாவது சைக்கிளை அப்போதுதான் கடை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு வருகிறாள் அவள். சைக்கிள்களை ஏற்றிப்போக, காருக்குப் பின்னால் இருக்கும் டோ பார் என்ற இழுவைக் கம்பியில் மாட்டும் ரேக் வாங்க இருவரும் சேர்ந்துதான் கிளம்பினார்கள். மாட்டிப் பார்க்க வேண்டுமென்று தன் மலைச் சைக்கிளை ஹேமநாதன் காருக்குள் படுக்கவைத்தான். சக்கரம் முன் இருக்கைவரை நீண்டது. "நீ உன்னோடதுல வந்துடு லா, கிட்டதானே" என்று சொல்லிவிட்டு ஏர்கோன் காற்றில் போய்விட்டான். இவள் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் மிதித்தாள்.

அது என்ன லேசுப்பட்ட சைக்கிளா? செனாயில் கிலாங் என்று சொல்லும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், பாவாடையோடு ஏறத் தோதாகக் கீழே வளைந்த கம்பி. மூத்தவள் ரூபினியைக் கேரியரிலும் இளையவள் லோஷினியை முன்னால் சின்ன இருக்கையிலும் வைத்து, கொட்டும் மழையில் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது இதுதான். அந்த நாளில் ஹேமநாதன் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. டாக்டர் தொப்பையைக் காட்டிப் பயமுறுத்திய பிறகு வந்த ஆசை அவனுக்கு. தனக்கொன்று, மகள்களுக்கு ஒவ்வொன்று என்று புதிதாக மூன்று வாங்கினான். கணக்கும் அதோடு முடிந்துவிட்டது போல.

வருகிற சனிக்கிழமை தங்காக் போய், லேடாங் மலையடிவாரத்தில் குடும்பமாகச் சைக்கிள் ஓட்டுவதாகத் திட்டம். ஒரு மாதமாக அதே நினைப்பாக இருந்தவள் பிரேமலாதான்.

நவ்சாத் ஒரு ரேக்கைக் காட்டினார். "இது தொங்கவிடறது அண்ணே. சைக்கிளோட மேல் கம்பிய இந்தக் கையில மாட்டணும். மூணு தாராளமா நிக்கும்."

"வாசல்ல நிக்குதே, என்னோடது, அது எங்க ஏறும்?" என்றாள் பிரேமலா.

"அக்கா, உங்களோடதுக்கு மேல் கம்பியே இல்லையே. இதுல நேரா நிக்காது."

"அத விடுங்க பாய்," என்றான் ஹேமநாதன். "அது வீட்டுலயே இருக்கட்டும். இவ சாமானப் பாத்துக்குவா. காருகிட்ட யாராச்சும் இருக்கணும்ல."

விடியற்காலையில் எழுந்து நாசி லெமாக் சோறு கட்டித் தருவதும் அவள், மூவரும் ஓட்டி முடித்து வரும்வரை ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவளா?

"ஏங்க, நான் என்ன உங்க காருக்குக் காவல் நிக்கிற ஜாகாவா?" கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். "சக்கரத்தத் தட்டுல வச்சிக் கட்டுற ரேக் இருக்கில்ல பாய்? ஒரு வாரமா கிலாங்ல பிரேக் நேரத்துல போன்ல அதத்தான் பாத்தேன். நாலு சைக்கிள் ஏறுறது எடுங்க. ரேக்கோட கனத்தையும் சேத்து டோ பார் தாங்குமான்னு பாத்துச் சொல்லுங்க."

நவ்சாத் குனிந்து டோ பாரில் ஒட்டியிருந்த எடைக் குறிப்பைப் படித்தார், ஒவ்வொரு சைக்கிளின் எடையையும் கேட்டுக் கூட்டிப் பார்த்தார். "தாங்கும்க்கா."

"அலமாக், விலை கூட லா இது," என்று முனகினான் ஹேமநாதன். அவள் காதில் வாங்கவில்லை.

ரேக்கை மாட்டியதும் அவன் தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"இருங்க அண்ணே," என்றார் நவ்சாத். "கனமானதுதான் முதல்ல ஏறணும், காரை ஒட்டி. அக்காவோடதக் கொண்டாங்க."

பிரேமலா தன் சைக்கிளை ஏற்றி, பட்டையைத் தானே இழுத்து இறுக்கினாள். கோபம் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்? அடுத்த தட்டில் தன்னுடையதை வைக்கப்போன புருஷனிடம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் கார எடுத்துட்டுப் போறேன். நீங்க உங்களோடதுல வந்துடுங்க லா, கிட்டதானே."