பீரோ கண்ணாடியில் ஒரு பெருவிரல்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருமானூரில் எங்கள் வீட்டில் நகை திருட்டுப் போனது. திருச்சியிலிருந்து வந்த கைரேகை நிபுணர் பீரோ கண்ணாடியில் பொடி தூவியதும் ஒரு பெருவிரல் ரேகை தெரிந்தது. எனக்கும் என் மகனுக்கும் விரலில் மை தடவி எடுத்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

"வீட்டுல வேற யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரரு இருந்தாருங்க. தையில தவறிட்டாரு. அந்தக் கண்ணாடியப் புடிச்சிக்கிட்டுதான் தலை சீவுவாரு."

"கண்ணாடியில ரேகை மாசக்கணக்கா இருக்கும். அவரோடதாவும் இருக்கலாம்மா" என்றவர், அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அந்தப் பொடியை நான் துடைக்கவில்லை. தினமும் காலையில் அதன் முன்னால் நின்று அவரிடம் பேசினேன். நெல் அறுத்தாச்சு என்றேன். பையன் சொல்பேச்சு கேட்பதில்லை என்று அழுதேன்.

ஒருநாள் ஏட்டு வந்தார். "ஆளு சிக்கிட்டாம்மா. கண்ணாடியில இருந்தது அவன் ரேகைதான். நகை பூரா கிடைச்சிருச்சு."

நான் பீரோ பக்கம் திரும்பியதைப் பார்த்து, "சந்தோசமில்லையா?" என்றார்.

அவர் போனதும் ஈரத்துணியோடு கண்ணாடி முன் நின்றேன். திருடன் விரல்தான். ஆனால் அத்தனை நாளும் என் பேச்சைக் கேட்டது அதுதான். துடைக்க மனம் வரவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.