இரண்டு சபைகளும் ஒரு வாக்கும்

நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை, போகும் ஆசையும் இல்லை. ஆனாலும் அந்த நாட்டின் அரசியலமைப்பை எழுதியவர்களை நினைத்தால் எனக்கு நன்றி வரும், கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும். இரண்டுக்கும் காரணம் பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்திய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. பகலில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவேன். மாலையில், போரில் விட்டுப்போன பத்தாம் வகுப்பை ஜெர்மன் மொழியில் முடிப்பதற்காகப் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போவேன். அங்கே வரலாறு படிப்பித்த அம்மையார் அந்தப் பருவம் முழுவதும் அமெரிக்கா எப்படி உருவானது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது.

அதே நேரத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. தேவாலயத்தின் நிலவறையில் இருமிக்கொண்டு படித்த பிள்ளைகளுக்கு, அரசாங்கப் பள்ளியில் வெளிச்சமான அறைகள் தருவதாக நகரசபை சொன்னது. ஆனால் நாங்கள் சங்கமாகப் பதிய வேண்டும், சங்கத்தின் விதிகளை யாப்பாக எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் வர ஒரு நாளையும், ஒரு டெர்மினையும், குறித்துவிட்டார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் அறைகள் வேறு யாருக்கோ போய்விடும்.

எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் ஐந்து சங்கம் என்பார்கள். நாங்களும் அதைப் பொய்யாக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எண்ணிக்கையில் அதிகம், தலைக்கணக்கின்படி நிர்வாகம் வேண்டும் என்றார்கள். மன்னார்க் கத்தோலிக்கர் கொஞ்சப்பேர். ஆனால் அதுவரை இருந்த நிலவறையைப் பாதிரியாரிடம் கேட்டு வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான், அதனால் சரிபாதி வேண்டும் என்றார்கள். இரண்டு கூட்டங்கள் தேத்தண்ணீர் ஆறும் முன்பே குழம்பின. செயலாளராகிய நான் வெறும் தாளோடு வீடு வந்தேன்.

அந்த வாரம் வகுப்பில் அம்மையார் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்காவிலும் இதே சண்டை! பெரிய மாநிலங்கள் தலைக்கணக்குக் கேட்டன, சிறிய மாநிலங்கள் சமபங்கு கேட்டன. கோடை வெக்கையில் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு வாதாடி, கடைசியில் இரண்டு சபைகள் வைத்தார்கள். ஒன்றில் மக்கள்தொகைப்படி இடம், மற்றதில் மாநிலத்துக்கு இரண்டிரண்டு பேர்.

திரும்பி வரும் ரயிலிலேயே எழுதத் தொடங்கிவிட்டேன். நிர்வாகக் குழு தலைக்கணக்குப்படி. பாடத்திட்டமும் விழாக்களும் மட்டும் இரு பக்கமும் சமமாக இருக்கும் ஒரு சிறு குழுவின் சம்மதத்தோடு. ஞாயிற்றுக்கிழமை வாசித்தபோது இரண்டு பக்கமும் தலையாட்டின. “மூளைக்காரன்” என்றார்கள். எனக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா?

பிறகு நகரசபைப் படிவம் உறுப்பினர் தொகையைக் கேட்டது. ஆட்கள் கூடினால் அறைகளும் கூடும். உடனே அகதி விடுதியில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டோம். அவர்கள் கையில் இருந்தது டுல்டுங் மட்டும், அதாவது இப்போதைக்குத் திருப்பி அனுப்பமாட்டோம் என்ற கடதாசி. “நாளைக்கு அனுப்பிவிட்டால், அவை போட்ட வாக்குக்கு ஆர் பொறுப்பு?” என்றார் எங்கள் சங்கத் தலைவர். நான் ஒரு வரி எழுதினேன்: எல்லோரும் உறுப்பினர், வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கே வாக்கு.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தொடக்கும் எங்கள் அரிவரி வகுப்பை நடத்திய மன்னார்ப் பெண்ணும் அந்த விடுதியில்தான் இருந்தார். கையெழுத்து வாங்கப் போனபோது அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

“அண்ணை, அறை கேக்கேக்கை நாங்கள் ஆக்கள். வாக்குப் போடேக்கை ஆக்கள் இல்லையோ?”

“சட்டச் சிக்கல், தங்கச்சி. பிறகு பாப்பம்,” என்றேன்.

பச்சைப் பொய். எந்தச் சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அறை வேண்டுமே என்று அவர் கையெழுத்து வைத்தார்.

அடுத்த வகுப்பில் அம்மையார் மிச்சக் கதையைச் சொன்னார். தென்மாநிலங்கள் தங்கள் இடங்களைக் கூட்டிக்கொள்ள அடிமைகளையும் எண்ணச் சொன்னார்களாம். வாக்கு மட்டும் கிடையாது. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று பேரம் படிந்தது. “இந்த இணக்கம் இல்லாவிட்டால் நாடே உருவாகியிருக்காது என்று சிலர் சொல்வார்கள்,” என்றார் அவர். “ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்த அறையில் இருக்கவில்லை.”

அடிமையும் அகதியும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்த தந்திரம் அதே தந்திரம். எனக்கு முகம் எரிந்தது.

செவ்வாய்க்கிழமை டெர்மின். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்த வரியை எடுக்கவேண்டும் என்றேன். தலைவர் சீறினார். “இப்ப வந்து மாத்த ஏலாது! நீர்தானே எழுதினது?”

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். “ஓம், நான்தான் எழுதினது. வாக்கு இல்லையெண்டால் அவையின்ர பேரையும் வெட்டுறன். கிடைக்கிற ஒரு அறையில எல்லாரும் நெருக்கியடிச்சு இருங்கோ,” என்று பட்டியலை மேசையில் போட்டேன்.

தலைவர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அரிவரி ஆசிரியையின் பெயரில் அவர் விரல் நின்றது. அவருடைய கடைக்குட்டிக்கு எழுத்துப் படிப்பித்தவர் அந்தப் பெண்தான். “இந்தப் பிள்ளையை வெட்டிப்போட்டு என்னத்துக்கு அறை?” என்றார். பிறகு என் பேனையை வாங்கித் தானே அந்த வரியைக் குறுக்கே வெட்டினார். கோபக்காரர்தான், ஆனால் அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

எங்களுக்கு மூன்று அறைகள் கிடைத்தன. புதிய யாப்பின்படி முதல் தேர்தலும் வந்தது. செயலாளர் பதவிக்கு நானும் இன்னொருவரும் நின்றோம். நான் ஒரு வாக்கால் தோற்றேன்.

கதிரை அடுக்கும்போது அரிவரி ஆசிரியை என்னிடம் வந்தார். “அண்ணை, கோவிக்காதேங்கோ. நான் மற்றவருக்குத்தான் போட்டனான்.”

எனக்குச் சுருக்கென்றது. “ஏன் தங்கச்சி?”

“அவர் ரெண்டு தரம் என்ர வகுப்பை வந்து பாத்தவர். நீங்கள் ஒருக்காலும் வரேல்லை.”

அது உண்மை. இரண்டு சபைகள் அமைத்த மூளைக்காரன், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இதை என் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு ஒரு வாக்கு இருந்ததே என்று மனம் நிறைந்துபோனது. இன்றைக்கும் அந்தத் தோல்விக்கு நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அரிவரி வகுப்பின் கடைசி வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தேன்.