சத்தமில்லாத கிளச்

லொறி என் பெயரில் இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. முன் ஆசனத்தில் ஏறி உட்காருவதற்கே யாராவது கை கொடுக்க வேண்டும். ஆனால் லீசிங் கம்பனிக்குக் காட்டுவதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே நிலையான வருமானம் என் ஆசிரியர் சம்பளம்தான். அதனால் பதிவுப் புத்தகத்தில் நான், ஆசனத்தில் என் கணவர். பதினொரு வருடம் அப்படித்தான் ஓடியது. பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் உப்பு ஏற்றி, சிலாபத்துக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். இரண்டு பிள்ளைகளையும் அந்த லொறிதான் படிப்பித்தது. மூத்தவள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். இளையவன் கண்டியில் கம்பஸ் போகிறான்.

லீசிங் கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சிலாபத்துக்குப் போகும் வழியில், உப்புப் பாரத்தோடு, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அன்றைக்கென்று மழை வேறு. பாரத்தை மூடியிருந்த பழைய படங்கு, மடிப்புகளில் கிழிந்திருந்தது. உப்பு கரைந்து பின்கதவு இடுக்கால் வடிந்ததாம். ரோட்டோரக் கடைக்காரர் தன் வாசல் செடிகள் பட்டுப்போகும் என்று சண்டைக்கு வந்தாராம். இரண்டு நாள் லொறியோடேயே கிடந்து, மூன்றாம் நாள் வேறொரு லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு பாலாவி கராஜுக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வந்தபோது அவரது சாரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

கராஜ் பாஸ், எங்கள் மெக்கானிக், சின்ன வயதில் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். எங்கள் லொறியில் அவரைத் தவிர வேறு யாரும் கைவைத்ததில்லை. எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், செய்யிறதெண்டா முழுசாச் செய்யோணும். அரையும் குறையுமாச் செஞ்சா திரும்ப ரோட்டுலதான் நிக்கும்" என்றார். முழுதாகவே செய்தோம். எஞ்சின், கிளச், பிரேக் எல்லாம் புதிதாக்கி, உப்பு அரித்துத் தின்ற அடிச்சட்டங்களுக்குத் தகடு வைத்து ஒட்டினார். ஆறு கிழமை எடுத்தது. என் தங்கக் காப்புச் சோடி அந்தச் செலவோடு போனது.

வேலை முடியும் தறுவாயில் சிலாபத்திலிருந்து ஒரு வாகன வியாபாரி கராஜுக்கு வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். லொறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய லொறியை அவர் எடுத்துக்கொள்வார், அதற்குப் பதிலாக நாலைந்து வருடம் மட்டுமே ஓடிய சின்ன லொறி ஒன்று தருவார், மிச்சத்துக்கு லீசிங்.

"மிஸ், இப்ப இது புது லொறி மாதிரி. ஒரு மழை போனா திரும்பப் பழசு. நல்லா ஈக்கிற நேரத்துல குடுத்துறணும்" என்றார். "மிஸ்ட சம்பளத்துக்கு லீசிங் லேசாக் கிடைக்கும்."

அந்தக் கடைசி வசனம் என் நெஞ்சில் கல்லாக விழுந்தது. இன்னும் ஐந்து வருடத்துக்கு மாதாமாதம் சம்பளத்தை வெட்டக் கொடுப்பது. இருந்தாலும் கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. உப்பு ஏற்றும் லொறிக்கு ஆயுள் குறைவு. தகடு வைத்து ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும். சின்ன லொறி என்றால் கற்பிட்டி மரக்கறி ஏற்றலாம், மீன் ஏற்றலாம், உப்பை விட்டுத் தொலைக்கலாம். மாற்றுவதுதான் புத்தி என்று எனக்குப் பட்டது.

என் கணவர் மாட்டேன் என்றார்.

"ஏன்?"

"இந்த லொறிய எனக்குத் தெரியும்."

"மத்ததும் ஓட்ட ஓட்டத் தெரிஞ்சிரும்தானே?"

"உங்களுக்கு விளங்காது. விடுங்க."

எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். பழைய சாமான் மீது ஆம்பிளைகளுக்கு இருக்கும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். என் கையெழுத்து இல்லாமல் விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஆனால் அவர் இல்லாமல் நான் கையெழுத்து வைத்து என்ன பயன்? ஓட்டுவது அவரல்லவா. வியாபாரி வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லும்படி கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் பேச்சு வார்த்தை குறைந்துபோனது.

வியாழக்கிழமை லொறி தயார் என்று பாஸ் அழைத்தார். பள்ளிக்கூடம் விட்டு நானும் கராஜுக்குப் போனேன். ஓடிப் பார்க்கும்போது நானும் இருந்தால், வியாபாரிக்கு என்ன சொல்வது என்று எனக்காவது தெரியும் என்று நினைத்தேன். பாஸ் கை கொடுத்து ஏற்றிவிட்டார். கற்பிட்டி ரோட்டால் கொஞ்சத் தூரம் போய் வருவதாகத் திட்டம்.

கராஜ் வாசலிலேயே லொறி துள்ளி நின்றது. திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினார். இந்தமுறை குதிரை மாதிரி முன்னுக்குப் பாய்ந்தது. சந்தியில் மறுபடி நின்றது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. கொண்டக்டர் தலையை வெளியே நீட்டி ஏதோ ஏசினான். பதினொரு வருடமாக இந்தச் சந்தியைத் தூக்கத்திலும் கடக்கக்கூடியவர் என்று பெயரெடுத்த மனிதர். அவர் கழுத்தால் வியர்வை வழிந்தது.

"பாஸ் கிளச்ச ஒழுங்காப் போடல்ல" என்றார்.

கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் கீழே பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன். ரோட்டை விட்டுக் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய இடது காலில் செருப்பு இல்லை. அது கழன்று, கிளச் மிதிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு கழண்டு கெடக்கு" என்றேன்.

"எங்க?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது. காலில் செருப்பு இல்லை என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

லொறியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். ஒருபக்கம் களப்புத் தண்ணீர். காற்று கண்ணாடியில் மண்ணை அடித்துக்கொண்டிருந்தது. அவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"எவ்வளவு காலமா?"

அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

"எவ்வளவு காலமா இப்படி?"

"ரெண்டு வருஷம் ஈக்கும்."

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருப்பது எனக்குத் தெரியும். குளிசை தருகிறார்கள், போடுகிறார். ஒருநாள் சிப்பி ஓடு குத்தி, வீட்டு நிலமெல்லாம் இரத்தத் தடம் பதித்துக்கொண்டு நடந்தார். நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார். அன்றைக்கு அவரைக் கவனமில்லாதவர் என்று ஏசினேன். கழுவித் துடைத்தவளுக்கு அதைத் தாண்டி யோசிக்கத் தோன்றவில்லை.

"அப்ப எப்பிடி ஓட்டின?" என்று கேட்டேன். கோபம் வந்தால்தான் அவரை ஒருமையில் கேட்பேன்.

"பழைய கிளச் சத்தம் போடும். பிடிக்கிற இடத்துல ஒரு முனகல் வரும். அதக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டினன்." மிதியைப் பார்த்தபடி சொன்னார்: "பாஸ் போட்டது புதுசு. அதுல ஒரு சத்தமும் இல்ல."

அப்போது எனக்கு எங்கள் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்தது. ரோட்டோடு ஒட்டிய வாசல் அது. காலையில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்போது ஆசிரியர்கள் நாங்கள் முறை வைத்து ரோட்டோரம் நிற்போம். என் முறை வரும் நாட்களில் அவர் லொறியோடு போனால் எனக்காக ஒருதரம் ஹோர்ன் அடிப்பார். பிள்ளைகள், "டீச்சர்ட லொறி" என்று கைகாட்டும். இரண்டு வருடமாக நான் அந்தப் பிள்ளைகளைச் சிரித்துக்கொண்டு கைகாட்ட விட்டிருக்கிறேன்.

கராஜுக்கு எப்படித் திரும்பினோம் என்று கேட்டால், பாஸுக்கு அழைப்பு எடுத்து வரச் சொன்னேன். அவர் ஆட்டோவில் வந்து, எங்களையும் வைத்துக்கொண்டு லொறியை ஓட்டிப்போனார். பஞ்சு மாதிரி ஓடியது. எனக்கும் பாஸுக்கும் நடுவில் என் கணவர் உட்கார்ந்து வந்தார்.

வெள்ளிக்கிழமை வியாபாரி அழைத்தார். இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்றேன். அடுத்த நாள் என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் டொக்டர் பெண் ஒருத்தி, மெல்லிய நைலோன் நூல் மாதிரி ஒன்றை எடுத்து அவர் பாதத்தில் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இப்ப?" என்று கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் "இல்ல, இல்ல" என்றுதான் வந்தது. இடது காலில் உணர்ச்சி போய்விட்டது, வலதும் அந்த வழியில்தான், வாகனம் ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்றாள்.

"சின்ன லொறியெண்டா?" என்று கேட்டார்.

"சின்னதும் கூடாது, அங்கிள்."

ஆக, மாற்றுவதில் பயனில்லை. மாற்றி எடுக்கும் லொறியையும் அவரால் ஓட்ட முடியாது. லீசிங் மட்டும் என் கழுத்தில் இருக்கும். வியாபாரியிடம், லொறியை வாங்கிக்கொண்டு காசாகத் தருவாரா என்று கேட்டேன். காசுக்கென்றால் பழைய இரும்பு விலைதான் சொன்னார். இப்போதுதான் என் காப்பும் எங்கள் ஆறு கிழமையும் அதற்குள் போயிருந்தன. வைத்திருந்தால் ஓட்ட ஆளில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். என் கணவர் கதிரையில் இருந்து வாசலில் நிற்கும் லொறியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கொப்பி திருத்துவது போல அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கடைசியில் வைத்துக்கொண்டு டிரைவர் ஒருவரைப் பிடிப்பது என்று நான்தான் முடிவு எடுத்தேன். பாஸ் உடப்பிலிருந்து ஒருவரை அனுப்பினார். நாற்பது வயது, கடல் தொழிலை விட்டு லொறிக்கு வந்தவர், அமைதியான மனிதர். முதல்நாள் என் கணவரும் கூடப் போவதாகச் சொன்னார். உப்பளக்காரர்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்றார். இடப்பக்கக் கதவடியில் நின்று, பிடியைத் தேடித் தடவினார். பதினொரு வருடத்தில் அந்தக் கதவை அவர் திறந்து ஏறியதே இல்லை. டிரைவர் உள்ளிருந்து சாய்ந்து திறந்துவிட்டார்.

அதன் பிறகு தினமும் கூடவே போனார். டிரைவர் என்னிடம் குறையாக ஒன்றும் சொல்லமாட்டார். ஒரே ஒருநாள், "அக்கா, ஐயா கியர் மாத்தச் சொல்லுற நேரத்துல நான் ஏலவே மாத்திட்டன் எண்டா அவருக்குக் கோவம் வருது. அதனால சொல்லும் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கன்" என்றார்.

வேலைக்கு வந்த நாலாவது மாதம் உடப்புக் கோயில் திருவிழாவுக்கு டிரைவர் மூன்று நாள் லீவு கேட்டுப் போனார். இரண்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், வாசலில் லொறி இல்லை. சாவி என் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. இரண்டாவது சாவி ஒன்று இருப்பது என் கணவருக்கு மட்டும் தெரிந்த விசயம். உடுப்பு மாற்றாமல் வாசலில் நின்றேன். யாருக்கு அழைப்பது? பொலிஸுக்கா? பாஸுக்கா? எங்காவது விழுந்தது, மோதியது என்று யாரும் அழைத்துவிடுவார்களோ என்று கையில் ஃபோனை வைத்துக்கொண்டு நின்றேன். அது அடிக்கவும் வேண்டாம், அடிக்காமலும் இருக்க வேண்டாம் என்று இருந்தது.

பின்னேரம், பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும் நேரம் லொறி மெதுவாகத் திரும்பி வந்து நின்றது. பாரம் இல்லை. ஒரு கீறலும் இல்லை. ஆனால் அவர் இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"உப்பளம் வரைக்கும்தான் போனன். ஒண்டும் ஆகல்ல" என்றார்.

"இறங்குங்க."

"வாற வழியில ஒரு ஆடு பாஞ்சிது. பிரேக் அடிச்சன். நிண்டிது. ஆனா நான் மிதிச்சது பிரேக்தானா எண்டு லொறி நிண்ட பொறகுதான் எனக்குத் தெரியும்." தன் கால்களை மாறி மாறிப் பார்த்தார். "அது ஆடு. பிள்ளையா ஈந்திருந்தா?"

என்னால் ஏச முடியவில்லை. நான் ஏசக் காத்திருந்த அத்தனையையும் அவரே சொல்லிவிட்டார். காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்து இறக்கினேன். இரண்டாவது சாவியைத் தானாகவே என் கையில் தந்தார்.

இப்போதும் லொறி ஓடுகிறது. டிரைவர் ஓட்டுகிறார். என் கணவர் இடப்பக்கம் இருக்கிறார். வீட்டில் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். மழைக்குப் பிறகு அடிச்சட்டத்தில் புதிதாக ஒரு ஓட்டை விழுந்திருப்பதாகப் பாஸ் சொன்னார். டிரைவரின் சம்பளம் போக மிஞ்சுவது பெரிதாக இல்லை. வியாபாரி சொன்னபடி அன்றே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் நினைப்பேன். அந்த நினைப்பு எங்கேயும் போய்ச் சேராது. காலையில் அவர் புறப்படும் முன் இரண்டு பாதங்களையும் என் மடியில் வைத்து, காயம் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்க்கிறேன். டொக்டர் சொல்லித் தந்தது அது. அந்த நேரம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததா என்று கேட்பார். முடிந்தது என்று சொன்ன பிறகுதான், நான் கையை எடுத்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.