கடலோர வீட்டில் கேட்ட விசில்

நடந்தது நடந்ததுதான். நான் ஒன்றும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பாதவர்கள் என் நாத்தனாரைக் கேட்டுக்கொள்ளலாம். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. நான் சொன்ன எதற்கும் அவள் தலையாட்டியதே இல்லை. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே பேச்சு.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாத்தனார் தையல்கடை வைத்திருக்கிறாள். காப்பகத்திலிருந்து துரையை எடுத்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளை நாய். நடையைப் பார்த்தால் ஏதோ அலுவலகத்தைச் சோதனை போட வந்த மேலதிகாரி மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் நடை மட்டும்தான் துரை, உள்ளுக்குள் பயம். யாரோ அவனை ஒரு குடோன் வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். எங்கள் வீட்டில் பாதி நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான்.

திறந்தவெளியில் நாலு நாள் ஓடியாடினால் தெளிந்துவிடுவான் என்று கடலோரமாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பினாள்.

சீசன் முடிந்திருந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் பிசுபிசுத்தன. எத்தனை தடவை பெருக்கினாலும் காலடியில் மணல் நெறுநெறுத்தது. பின்கதவைத் திறந்தால் நேராகக் கடற்கரை.

முதல் நாள் சாயங்காலம், ஐந்தே முக்கால் மணி. பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்த விசிலைக் கேட்டேன். சின்னதாக இரண்டு. பிறகு நீளமாக ஒன்று.

துரை கதவருகே நின்றிருந்தான். அவன் வால் ஆடியது. எங்களைப் பார்த்து ஒரு தடவைகூட ஆடாத வால்.

"யாரு அண்ணி?"

"யாரோ நாயைக் கூப்பிடறாங்க போல."

நாத்தனார் வெளியே போய்ப் பார்த்தாள். "ஒரு ஈ காக்கா இல்லையே..."

மறுநாள் காலை, நல்ல வெயில். கரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து வீசினேன். துரை பாய்ந்து கவ்வினான். ஆனால் என்னிடம் வரவில்லை. கொஞ்சம் தள்ளி, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் போய் குச்சியை வைத்தான். உட்கார்ந்தான். அண்ணாந்து பார்த்தான்.

சரியாக ஓர் ஆள் உயரத்துக்கு.

"இவனுக்கு மறை கழண்டிருச்சு அண்ணி" என்று நாத்தனார் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன். துரையின் நெற்றி முடி அழுந்திக்கொண்டிருந்தது. மெதுவாக... நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும். காதுகள் மடங்கி, மறுபடி நிமிர்ந்தன. திரும்பவும் நெற்றியிலிருந்து... யாரோ தடவிக் கொடுப்பது போல.

காற்று கொஞ்சமும் இல்லை.

பார்த்தாயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவள் முகமே போதுமானதாக இருந்தது.

அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். பட்டப்பகலில் இதென்ன பயம் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிச் சொல்லியே பொழுது போய்விட்டது. சாயங்காலம் கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. வேலி தெரியவில்லை. அதற்குமேல் இருக்கத் தைரியம் இல்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவசர அவசரமாகத் துணிமணிகளை அடுக்கினோம்.

விசில்.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. கதவுக்கு வெளியிலேயே.

நான் எழுந்தேன். நேராகப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். ஏன் திறந்தேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

துரை என் காலை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். பின்னாலேயே ஓடினேன். பனியில் அவன் வெள்ளை முதுகு மட்டும் மங்கலாக... பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது. பனியைப் போலவே சில்லென்று.

இடுப்பளவு ஆழத்தில் அவன் நீந்திக்கொண்டிருந்தான். கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டேன்.

விசில்.

இந்தத் தடவை இன்னும் ஆழத்திலிருந்து.

என்னை உரசிக்கொண்டு யாரோ கடந்து போனார்கள்.

நாத்தனார்.

நின்று என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் மார்பளவு... தோள் அளவு...

"இதோ வர்றேன்" என்றாள்.

யாரிடம்?

துரை குரைத்தான். எங்களிடம் வந்த நாளிலிருந்து அவன் குரைத்ததே இல்லை.

அவள் பின்னல் கைக்கு எட்டியது. இழுத்தேன்.

"ஐயோ வலிக்குது... விடுங்க அண்ணி! நாம எங்க இருக்கோம்?"

ஒரு கையில் அவள், ஒரு கையில் நாய். கரை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் இழுத்து வந்தேன்.

காரில் ஏறிய பிறகுதான் கேட்டேன். "யாருகிட்ட வர்றேன்னு சொன்னே?"

"நான் எப்ப சொன்னேன்?"

அவளுக்குக் கதவு திறந்தது நினைவில்லை. தண்ணீரும் நினைவில்லை. விசில் மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் துரைக்கு ஊசி போட இருவரும் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் துரைக்குப் பின்னால் நின்று பலமாகக் கை தட்டினார். ஓர் இரும்புத் தட்டைத் தரையில் போட்டார். நாங்கள் இருவரும் துள்ளிவிட்டோம்.

துரை திரும்பவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "இவனுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது சுத்தமா கேக்காதும்மா. எல்லாமே கண்ணால பார்த்துத்தான். எதிர்ல ஆள் இருந்தாத்தான் வாலை ஆட்டுவான், ஓடுவான்."

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

துரை யாரையோ பார்த்துத்தான் ஓடியிருக்கிறான். அவனை யாரும் விசிலடித்துக் கூப்பிடவில்லை.

அந்த விசில் எங்களுக்கு.