ஆறு மணிக்கு வந்த சுவிட்சர்லாந்து

என் கணவர் சுவிட்சர்லாந்தின் பொருளாதாரத்தைப் பாடமாக்கியது மெல்பேர்ண் புறநகரான ஸ்பிரிங்வேலில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில்தான். எழுபதுகளின் நடுப்பகுதி. அவர் வேலை செய்த சிறிய கம்பனி சுவிஸ் இயந்திரங்களை இறக்குமதி செய்து விற்றது. மனேஜரும் சுவிஸ்காரர். கணக்குப் பிரிவில் என் கணவருக்கு இருந்தது தற்காலிக வேலை; அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கினால் மெல்பேர்ணில் இருப்போம். இல்லையென்றால் சிட்னிக்குப் போய், டூங்கபியில் அவருடைய அக்கா வீட்டு ஹோலில் பாய் விரிக்க வேண்டும். மச்சாளோடு ஒரே குசினியில் சமைப்பதைவிட சுவிட்சர்லாந்தையே விழுங்க நான் தயாராக இருந்தேன்.

மனேஜரையும் மனைவியையும் ஒரு சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் சோதனைக்குப் படித்த மூளை அல்லவா, உடனே நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முகம் வழிக்கும்போதும் வாய் ஓயாது.

"நிலக்கரி இல்லை. கடல் இல்லை. பிறகு எப்படிப் பணக்கார நாடு? சொல்லும் பாப்பம்."

"எனக்கென்னண்டு தெரியும்? அவையிட்டையே கேளுங்கோவன்."

"பகிடி விடாதையும். மூலப்பொருளை வெளியில வாங்கி, கைத்திறனைச் சேர்த்து, நல்ல விலைக்கு விக்கிறது. மணிக்கூடு, மருந்து, மெஷின். நீரும் படியும். அந்த மனுசி ஏதும் கேட்டால் முழுசிக்கொண்டு நிக்கக்கூடாது."

ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். எங்கள் ஆட்களுக்கு ஆறு மணி என்றால் ஏழரை. அதற்கு முன்னர் யாராவது வந்தால், "என்ன, இவை மத்தியானம் சாப்பிடேல்லையோ?" என்று குசினிக்குள் முணுமுணுப்போம். ஆகவே அந்தச் சனிக்கிழமை ஆறு மணியாகும் நேரத்தில் நான் தலை முழுகி, கூந்தலில் ஈரத் துவாயைச் சுற்றிக்கொண்டு கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். அரிசி இன்னும் பைக்குள். அவர் சாரமும் பெனியனுமாக வங்கிகள் பற்றிய அத்தியாயத்தில் நின்றார்.

சுவர் மணிக்கூடு ஆறு அடிக்க, வாசல் மணியும் அடித்தது.

"ஐயோ கடவுளே! வந்திட்டினம்!"

"சும்மா இரும். பக்கத்து வீட்டுக் கிழவியாயிருக்கும்," என்றபடி அவர் கதவைத் திறந்தார்.

மனேஜர் கோட்டும் டையுமாக நின்றார். பக்கத்தில் பூங்கொத்தோடு மனைவி. என் கணவர் ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைகுலுக்கினார். மணிக்கூடு செய்து பிழைக்கிற நாட்டுக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் வருவார்கள் என்று அந்தத் தடித்த புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை! எனக்கு வந்த கோபத்துக்கு அதையே அடுப்பில் வைத்திருப்பேன்.

அந்தப் பெண் நேரே குசினிக்குள் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், அரிசிப் பையைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கத்தியை எடுத்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். நான் வெட்கத்தில் செத்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, பாடமாக்கியதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன்.

"உங்கள் நாட்டில் நிலக்கரி இல்லை, கடல் இல்லை. எப்படிப் பணக்காரர் ஆனீர்கள்?"

"புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?"

"கைத்திறன்."

"யாருடைய கை என்று போட்டிருக்கிறதா?" என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய தாய் பகலில் மாடு கறப்பாராம். குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்து மணிக்கூட்டுச் சில்லுகளைப் பூட்டுவாராம். "அப்படிப்பட்ட என் அம்மாவுக்கு நாட்டின் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது சில வருடங்களுக்கு முன்னர்தான். எனக்கும் அப்போதுதான்."

நான் கோழியை அப்படியே விட்டுவிட்டேன். "என் அம்மா நான் பிறக்கும் முன்னரே வாக்குப் போட்டவர்!"

"அப்படியென்றால் நீங்கள்தான் பணக்காரர்," என்றார் வெங்காயக் கண்ணீரோடு.

"ஓம், சோறுதான் இன்னும் வேகவில்லை."

நாங்கள் சிரித்த சிரிப்பில், ஹோலில் என் கணவர் ஒப்புவித்துக்கொண்டிருந்த வங்கிகள் ஒரு கணம் நின்றன. அதற்குப் பிறகு எனக்கு எதையும் மறைக்க மனமில்லை. எங்களுக்கு ஆறு என்றால் ஏழரை, சொன்ன நேரத்துக்கே வந்தால் வீட்டுக்காரியின் மானம் போய்விடும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்காமல், மிகக் கவனமாகக் கேட்டார்.

விருந்தாளிகள் இரண்டு பேரும், கடைப் பக்கெட்டில் வாங்கிய உலர்ந்த தேங்காய்ப்பூவில் நான் செய்த சம்பலை வழித்துச் சாப்பிட்டார்கள். போகும்போது மனேஜர், "உங்கள் வேலை பற்றித் தலைமை அலுவலகத்தின் பதில் வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை ஆறு மணிக்கு நானே வந்து சொல்கிறேன். சம்பல் இருக்கும்தானே?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கே எல்லாம் முடித்துவிட்டேன். சோறு, கறி, சம்பல் மேசையில். நான் பட்டுச்சேலையில். அவர் டை கட்டிக்கொண்டு கதிரை நுனியில்.

ஆறு அடித்தது. வாசல் மணி அடிக்கவில்லை. ஆறரையும் ஆனது.

"ஆறெண்டால் ஆறுக்கு வாற சனம்," என்றார் என் கணவர். "வரேல்லையெண்டால் விளங்குதுதானே."

"விசர்க்கதை கதையாதேங்கோ." சொன்னேனே தவிர, மேசையிலிருந்த கோப்பைகளை இடம் மாற்றி மாற்றி வைத்தேன்.

ஏழு மணிக்கு அவர் டையைத் தளர்த்திவிட்டு, அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கினார். "அக்காவுக்கு போன் எடுக்கட்டோ?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல், மச்சாள்மேல், அந்த நாட்டு மாடுகள்மேல்கூடக் கோபம். சம்பல் கோப்பையை மூடிவிட்டு, பட்டுச்சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஏழரைக்கு வாசல் மணி அடித்தது.

இருவரும் குளிரில் மூக்குச் சிவந்து நின்றார்கள். முகத்தில் மட்டும் அப்படியொரு பெருமை.

"ஏழரை. சரிதானே?" என்றார் மனேஜரின் மனைவி. "ஆறு மணிக்கே வந்துவிட்டோம். தெருமுனையில் காருக்குள் இருந்தோம்."

அடப் பாவிகளே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

மனேஜர் சூட்கேசைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். "எங்கே பயணம்? திங்கள் முதல் உங்கள் வேலை நிரந்தரம். காலை எட்டு மணி. அது மட்டும் எங்கள் எட்டு மணி."

"ஓம், ஓம்," என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு என் கணவர் அவர் கையை விடாமல் குலுக்கினார். நான் ஆறிப்போன சோற்றைச் சூடாக்க ஓடினேன்.