கவிழ்ந்த வண்டியின் சக்கரங்கள்

பிசான நெல் அறுப்பு முடிந்தபோது என் வண்டிச் சக்கரங்களும் முடிந்துபோயின. மரம் தேய்ந்து, மேலே சுற்றிய இரும்புப் பட்டை நாலு மைலுக்கு ஒருதரம் கழன்றது. ஒரு சனிக்கிழமை வண்டியைப் பைய ஓட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்து ஆசாரி பட்டறைக்குப் போனேன். திங்கட்கிழமை என் மனைவியைக் களக்காட்டுப் பக்கம் தாய் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அவளுக்கு மாசம் ஒன்பது. தலைச்சன் பிள்ளையைக் கர்த்தர் ஆறாம் நாளில் எடுத்துக்கொண்டார். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டுமே என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமல் பயந்துகொண்டிருந்த நாள் அது.

பட்டறையில் இரண்டு ஜோடி சக்கரம் இருந்தது. ஒன்று புதுசு, நல்ல கருவேலம். ஆனால் பட்டை போட்டு முடிக்க எட்டு நாள் ஆகும். மற்றது சுவரில் சாத்தியிருந்தது. உயரமான சக்கரம், நாலு விரல் அகலப் பட்டை, மணலில் இறங்காது. போன மழைக்கு ஆற்றுத் துறையில் கவிழ்ந்த வண்டியினுடையது. வண்டிக்காரர் அதற்கு அடியிலேயே செத்துப்போனார். அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த நெல் வியாபாரி சிரித்தார். "என்ன அண்ணாச்சி, வெறிக்கப் பாக்கிய? நீரு வேதக்காரரு. உமக்குத்தான் பேயி பிசாசு ஒண்ணும் கிடையாதுல்லா!"

"கிடையாதுவே," என்றேன். சொல்லிவிட்டு, அதைக் காட்டுவதற்காகவே எழுந்துபோய் ஆரக்கால்களை விரலால் தட்டினேன். எல்லாம் கணீரென்றன. ஒன்று மட்டும் சாணியில் தட்டினதுபோல மழுங்கிக் கேட்டது. உள்ளே மரம் இற்றிருந்தால்தான் அப்படிக் கேட்கும். கையை எடுத்துக்கொண்டேன். இப்போது வாயைத் திறந்தால், வேதக்காரன் பயந்துட்டான் என்றுதானே கடைத்தெரு முழுக்கப் பேசுவார்கள்?

"நாளைக்கு ஒருநாள் இங்கன கிடக்கட்டும் அண்ணாச்சி," என்றார் ஆசாரி. "ஆரக்கால் சொருகுன நடுக்குடத்தைப் பிரிச்சுப் பாத்துருதேன். தண்ணியில கிடந்த மரம்."

"நாளைக்கு ஓய்வுநாள். என் வேலையா நீரு உளியைத் தொடவேண்டாம். இப்பமே மாட்டும்."

ஓய்வுநாளை மதித்தேன் என்று அன்று என்னையே நம்பவைத்தேன். அது பொய். வெட்கத்துக்கு அதை ஒரு மறைப்பாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் பாதிரி ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று தெரியாது. என் காதில் அந்த மழுங்கின சத்தம்தான் கேட்டது. வேறு வண்டி கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். ஏன் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

திங்கள் விடியுமுன் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி அவளை உட்காரவைத்துப் புறப்பட்டேன். வெயில் ஏற ஏற, இடது சக்கரத்தில் கடக் கடக் என்று ஒரு சத்தம் தொடங்கிற்று.

"அது என்ன சத்தம்?"

"அகலப் பட்டைல்லா, அப்படித்தான் இருக்கும்."

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். நான் மாட்டைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்க்கவில்லை. சக்கரத்தையே குனிந்து குனிந்து பார்த்தேன். ஜெபம் பண்ண வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. தெரிந்தே செய்துவிட்டு எந்த முகத்தோடு கேட்கிறது?

பின்னேரம் கால்வாய்க் கரையில் ஏறினோம். வண்டி அகலத்துக்குத்தான் வழி. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஆள் உயரப் பள்ளம். பட்டை விரற்கடை வெளியே தள்ளி நின்றதைக் கண்டேன். மாட்டை இழுத்து நிறுத்தினேன்.

"இறங்கு. பைய இறங்கு. என் தோளைப் பிடி."

அவள் இறங்கினபிறகு அந்த ஆரக்காலைப் பிடித்தேன். கையோடு வந்தது. குடத்துக்குள் இருந்த முனை மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது.

அவள் அதையே பார்த்தாள். "இது ஒங்களுக்குத் தெரியுமா?"

சொல்ல இன்னொரு பொய் கிடைக்கவில்லை. "தெரியும்."

"எப்பம்?"

"சனிக்கிழமையே தெரியும். அங்கன ஆளு இருந்தாங்க. சிரிப்பாங்கன்னு..."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். இன்னும் இரண்டு மைல் இருந்தது. வண்டியை அங்கேயே விட்டு, மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் துணிப்பெட்டியைத் தலையில் வைத்துப் பின்னாலேயே போனேன். அவள் நின்றால் நான் நின்றேன். ஒருதரம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்கா?" என்றேன். அவள் நிமிர்ந்து மறுபடி நடந்தாள். அந்த இரண்டு மைல் நடந்தது போல ஆயுளில் நான் நடந்ததில்லை. அவள் தாய் வீட்டு வாசலில் ஏறும்வரை, இதோ விழுந்துவிடுவாள், இதோ விழுந்துவிடுவாள் என்று ஒரு கையை நீட்டிக்கொண்டே போனேன். அந்தக் கையை அவள் தொடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்று சேதி வந்தது. அன்றைக்கே புறப்பட்டேன். பிள்ளைக்கு ஆறு நாள் தாண்டட்டும் என்று சிலர் சொன்னார்கள். என்னால் இருக்க முடியவில்லை.

அவள் பாயில் சாய்ந்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் கிடந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எதுல வந்திய?"

"நடந்துதான்."

புழுதி படிந்த என் காலைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி நீட்டினாள்.

"தலைக்குக் கீழ கையக் குடுங்க," என்றாள். "நல்லாப் பிடிங்க."