வக்கீல் அத்தான் வாங்கிக் கொடுத்த பாதி

என் சித்தி மகளுக்கு ஊசி என்று பேர் வந்தது தையல் வேலையால் இல்லை, வாயால். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவளிடம், "போன வருஷ அளவா? போன வருஷ இடுப்ப எங்கக்கா வச்சிருக்க?" என்று கேட்பாள். திட்டிக்கொண்டே போவார்கள், அடுத்த துணிக்கும் அவளிடமே வருவார்கள்.

புருஷன் செத்த பிறகு அப்பன் வீட்டுக்கே வந்து, தெருவைப் பார்த்த முன்னறையில் மெஷினைப் போட்டாள். அந்த அறையால்தான் பிழைத்தாள். போகிறவர் வருகிறவர் கண்ணில் படும், ஜன்னல் வெளிச்சம் நேராகத் துணியில் விழும்.

சித்தப்பா கண்ணை மூடியதும், அவள் கூடப் பிறந்த தம்பிக்கு அங்கே செல்போன் கடை வைக்க ஆசை வந்தது.

"நீ மெஷின பின்னாடி போட்டுக்கோக்கா. தைக்கிறதுக்கு எந்த ரூமா இருந்தா என்ன?"

"உன் கடைய பின்னாடி வையேன்டா. போன் என்ன ஜன்னல் வழியா எட்டிப் பாக்கப் போகுதா?"

பேச்சு முற்றி, தம்பி பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டான்.

வெளியூரில் ஒரு வக்கீலம்மா நன்றாக வாதாடுகிறாள் என்று நான் சொன்னேன். ஊசி கேட்கவில்லை. சித்தப்பாவின் தங்கை மகன் உள்ளூரிலேயே வக்கீல். "அத்தான் இருக்கும்போது வேத்து ஆள்கிட்ட போனா, அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள்.

அத்தான் வீட்டு முன்பக்கம்தான் ஆபீஸ். அங்கே ஒரு நீள பெஞ்ச். கட்சிக்காரர்கள் காத்துக் கிடந்து, முறை வந்ததும் உள்ளே போய்த் தங்கள் கதையைக் கொட்டிவிட்டு வருவார்கள். ஊசி பெஞ்சில் உட்காரவே இல்லை. சொந்தமாயிற்றே! பக்கவாசல் வழியாகச் சமையலறைக்குப் போய், வக்கீல் பெண்டாட்டிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி வழக்கைச் சொல்வாள். "முன்னறை மட்டும் எனக்கு வந்தா போதும்க்கா, அத்தான்கிட்ட சொல்லிடுங்க." அவளும் தலையாட்டுவாள். அத்தான் சாப்பிட வரும்போது, "என்ன ஊசி, சௌக்கியமா? உன் கேஸ் என் பொறுப்பு. நான் விளையாடின வீடு, எனக்குத் தெரியாதா?" என்பார். அதற்குமேல் கேட்டால் நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று இவள் வாயை மூடிக்கொள்வாள். ஊரையே வெளுத்து வாங்குகிற வாய்!

கடைசியில் சமரசம் என்றார்கள். கோர்ட்டில் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல் என்று என்னவோ கடகடவென்று படித்தார்கள். ஊசி மெதுவாக, "அத்தான், முன்னறை..." என்றாள்.

"எல்லாம் இருக்கு. நீ வாயத் திறக்காத, நான் பாத்துக்கறேன்."

நீதிபதி நல்ல மனுஷன்தான். எழுதினதோடு விடாமல் அவளைப் பார்த்தே, "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அவள் அத்தான் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைச் சிமிட்டினார். "சம்மதங்க" என்றாள்.

வெளியே வந்ததும் அத்தான் தம்பியின் தோளைத் தட்டி, "சந்தோஷமா மாப்ள?" என்றார். இவளிடம் திரும்பி, "சரிபாதிக்கு மேலயே வாங்கிட்டேன். பின்பக்கம் பூரா உனக்கு. அடி கணக்குல உன் பங்குதான் பெரிசு" என்றார்.

"பின்பக்கமா? தெரு முன்னாடியில்ல இருக்கு அத்தான்?"

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"அக்காகிட்ட சொன்னேனே!"

"நீ தையல் தைக்கிறதப் பத்தி என்னமோ சொன்னா. யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

அப்புறம் அந்த வெளியூர் வக்கீலம்மாவிடம் ஓடினோம். "நீங்களே நீதிபதி முன்னாடி சம்மதம்னு சொல்லிட்டீங்களேம்மா" என்று கையை விரித்துவிட்டாள்.

பின்கட்டுக்கு வழி, சாக்கடையை ஒட்டின சந்து. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு நாள் வந்தவர்கள் அப்புறம் வரவில்லை. பகலிலேயே விளக்குப் போட்டுத் தைத்தாள். தையல் கோணியது, கண்ணில் நீர் வடிந்தது.

ஒருநாள் அத்தை வந்து, "என் மவன் உன்கிட்ட பீஸ்னு கை நீட்டினானா? ஊரெல்லாம் குறை சொல்றியாமே" என்று சண்டைக்கு நின்றாள்.

"நீட்டியிருந்தா நானும் பெஞ்சுல உக்காந்து சொல்ல வேண்டியத சொல்லியிருப்பேன் அத்தை" என்றாள் ஊசி.

அத்தை அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவள், சாகிற வரைக்கும் அந்தப் படியேறவில்லை. யாருக்காக வேற்று வக்கீலிடம் போகாமல் இருந்தாளோ, அந்த உறவும் போயிற்று.

இப்போது ஊசி ஊருக்கு வெளியே ரெடிமேட் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே ஒரு சட்டையில் ஆளுக்கு ஒரு துண்டு. இவளுக்குக் காலர். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர்தான். அவள் கையால் ஒரு முழுச் சட்டை தைத்து வருஷக்கணக்காகிறது.